தாழப் பறந்தவர்கள்

உயரத்தில் நிற்பது ஆபத்து, தாழ்வில் நிற்பது பாதுகாப்பு என்பது மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றிவிட்ட எண்ணம். பனையில் ஏறிய சீவல் தொழிலாளி உச்சியில் நிற்கும்வரை கீழே நிற்பவர் நெஞ்சு பதைக்கிறது. அவன் இறங்கிவந்து ஓராள் உயரத்தை எட்டியதும் ‘இனிப் பயமில்லை’ என்று மூச்சு விடுகிறோம். மரத்தைப் பொறுத்தவரை இது சரி. ஹெலிகொப்டரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தலைகீழ். அந்த ஊர்தியைச் செலுத்துபவனுக்கு உயரம் என்பது கைம்முதல். அது கையிலிருக்கும்வரை தவறு செய்யலாம், திருத்தலாம், இறங்க இடம் தேடலாம். தாழப் பறப்பவன் கைம்முதல் இல்லாமல் வாணிகம் செய்பவனை ஒத்தவன். அவனை அவ்வாறு பறக்க விடுத்தவர் யார், எதற்காக விடுத்தனர் என்பது எந்திர நூல்கள் கேட்காத கேள்வி. அக்கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எந்திரத்தின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். நடுவானில் இயந்திரம் நின்றுவிட்டால் ஹெலிகொப்டர் கல்லைப்போல விழுந்துவிடும் என்று நம்மிற் பலர் நினைக்கின்றனர். எம்மிடம் படிக்கும் மாணவரும் அவ்வாறே நினைக்கின்றனர். சில காலம் முன்புவரை நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். உண்மை வேறு. இயந்திரம் நின்றவுடன் விமானி இடக்கையிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தி, தலைக்குமேற் சுழலும் அலகுகளின் சாய்வைக் குறைக்கிறான். ஊர்தி இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் ஊர்தியைக் கீழிருந்து எதிர்கொண்டு வரும் காற்று அந்த அலகுகளைத் தொடர்ந்து சுழல வைக்கிறது. காட்டு மரங்களின் இறகு முளைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நிலம் நெருங்கியதும் முகப்பை உயர்த்தி வேகத்தைத் தணித்து, அலகுகளிற் சேர்ந்திருக்கும் சுழற்சியை இறுதியாக ஒருமுறை செலவிட்டுத் தரையில் அமரலாம். பயின்ற கைகள் இதனைச் செய்து உயிர் பிழைத்த நிகழ்ச்சிகள் எண்ணிறந்தவை.

ஆனால் இதற்கு உயரம் வேண்டும். அல்லது முன்னோக்கிச் செல்லும் வேகம் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாதவனுக்கு மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. தரையிலிருந்து பத்தடிக்குள் அசையாது நிற்கும் ஹெலிகொப்டர் இயந்திரம் நின்றால் தொப்பென்று விழும், அவ்வளவுதான். பல நூறு அடிக்கு மேல் நிற்பது சுழன்றிறங்கித் தப்பும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே கொலைக்களம். இந்த எல்லைகள் ஊர்திக்கு ஊர்தி வேறுபடும். விமானியின் கைந்நூல் ஒவ்வொன்றிலும் உயரத்தையும் வேகத்தையும் கொண்டு வரைந்த ஒரு படம் இருக்கும். அதில் நிழலிட்டுக் காட்டப்பட்ட பகுதிக்குள் நிற்காதே என்பது விதி. அமெரிக்க விமானிகள் அந்தக் கோட்டுக்கு இட்ட பெயர் ‘செத்தவன் வளைவு’. பிழைக்க வழியுள்ள உயரத்திலும் பிழைக்கும் தாழ்விலும் வேலை இல்லை. வேலையெல்லாம் அந்த நிழலுக்குள்ளேயே கிடக்கிறது. காயப்பட்டவனைத் தூக்கவும், மாட்டைச் சாய்க்கவும், மருந்து தெளிக்கவும், மின்கம்பியைப் பழுதுபார்க்கவும், பகைவனைத் தேடவும் அங்கேதான் போகவேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘ஹெலி’ என்பது நம் ஊர் வழக்கு. ‘உலங்கு வானூர்தி’ என்னும் ஆக்கச்சொல்லும் நம்மிடையே வழங்குகிறது. உலங்கு என்பது பழந்தமிழிற் கொசுவைக் குறிக்கும் சொல். நிலத்தை ஒட்டிப் பறந்து, காதருகே இரைந்து, இரத்தம் தேடும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைப் புலவர் எவரும் சூட்டியிருக்க முடியாது. புட்பக விமானத்தைக் காட்டி, இவையெல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன என்று மார்தட்டும் கூட்டத்தார்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: புட்பக விமானத்தின் இயந்திரம் நின்றதாக எந்தக் காவியமும் பாடவில்லை. மனிதன் கட்டிய எந்திரத்துக்குத்தான் அந்தத் தொல்லை.

அத்தொல்லையிலிருந்தே இதன் வரலாறும் தொடங்குகிறது. 1919ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியேர்வா, தாம் வடிவமைத்த மூன்று இயந்திரக் குண்டுவீச்சு விமானம் தாழப் பறக்கையில் வேகமிழந்து வீழ்ந்து நொறுங்கியதைக் கண்டார். வேகம் குறைந்தாலும் வீழாத விமானம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. இறக்கையைத் தனியாகச் சுழல விட்டால், விமானம் நின்றாலும் இறக்கை நகர்ந்துகொண்டிருக்கும் அல்லவா? 1923 சனவரியில் மட்ரிட் நகருக்கு அருகே அவருடைய ‘ஓட்டோஜைரோ’ பறந்தது. காற்றினாலேயே சுழலும் அலகுகளின் இயல்பை அவர் ஆராய்ந்து தெளிந்திராவிடில் பின்னைய ஹெலிகொப்டர்கள் இல்லை எனலாம். அவருடைய முடிவு வியப்பானது. 1936 டிசெம்பர் 9ஆம் நாள் இலண்டனின் குரொய்டன் நிலையத்திலிருந்து மூடுபனியில் எழுந்த டச்சு நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று, உயரம் பெறுமுன்னரே வீடொன்றில் மோதி எரிந்தது. மாண்டவர்களுள் சியேர்வாவும் ஒருவர். தாழ்வில் வேகமிழக்கும் விமானத்தை ஒழிக்கப் பிறந்தவரைத் தாழ்வில் வீழ்ந்த விமானமே கொன்றது. இதனைச் சொல்பவர் பலர். மற்றொன்றைச் சொல்பவர் சிலர். அதே ஆண்டு யூலையில், கனாரித் தீவுகளிலிருந்து பிராங்கோவை மொரொக்கோவுக்கு ஏற்றிச் சென்ற விமானத்தை இங்கிலாந்தில் வாடகைக்கு அமர்த்த உதவியவர்களுள் சியேர்வாவும் ஒருவர். ஸ்பானியக் குடியரசைக் கொன்ற கலகம் அந்தப் பறப்போடு தொடங்கியது. விஞ்ஞானி ஒருவனின் மூளைக்கு நாம் தலைவணங்கும்போது அவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இரசியப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய இகோர் சிகோர்ஸ்கி, 1939 செப்டெம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் தமது ஹெலிகொப்டரைத் தாமே செலுத்தி நிலத்திலிருந்து சில அடி எழுப்பினார். ஊர்தி கயிறுகளாற் பூமியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவிற் போர் மூண்டு இரு கிழமை முழுதாகவில்லை. அந்தக் கயிறுகள் அறுந்ததும் எந்திரம் போருக்கே சென்றது. எனினும் அதன் முதற்பணி கொலை அன்று என்பதை நீதியோடு கூறல் வேண்டும். 1944 ஏப்பிரிலிற் பர்மாவின் காட்டுக்குள், யப்பானியப் படைகளுக்குப் பின்னால் விழுந்துகிடந்த ஒரு விமானியையும் காயமுற்ற மூன்று பிரித்தானியப் படைவீரரையும் கார்ட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்க இளைஞர் ஹெலிகொப்டரில் மீட்டார். வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் அலகுகளுக்குப் பிடிமானம் குறைவு. ஒருமுறைக்கு ஒருவரையே ஏற்ற முடிந்தது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் தாங்குமோ தாங்காதோ என்னும் நிலை. நான்கு உயிருக்கு நான்கு பறப்பு.

கொரியப் போரில் இப்பணி பெருகிற்று. ஊர்தியின் இருபுறமும் வெளியே கட்டிய தூக்குப் படுக்கைகளிற் காயமுற்றோர் கிடத்தப்பட்டனர். அவ்வாறு மருத்துவ முகாம்களைச் சேர்ந்தவர் ஏறத்தாழ 20,000 பேர். இந்தோசீனத்தில் வலேரி ஆந்திரே என்னும் பிரெஞ்சு மருத்துவப் பெண்மணி தாமே ஹெலிகொப்டரைச் செலுத்திச் சென்று காயமுற்றோரை எடுத்துவந்தார். நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டு இறுதியிற் குளங்கள் உடைத்துப் பெருவெள்ளம் பாய்ந்தபோது, அமெரிக்கக் கப்பலான பிரின்ஸ்டனிலிருந்து வந்த ஹெலிகொப்டர்கள் தவித்தவர்க்கு உணவு கொண்டுசென்றன. ஒரு தலைமுறைக்குப் பின் அதே இரைச்சலைக் கேட்டவுடன் வடக்கிலும் கிழக்கிலும் எம் பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினர். கூரை உயரத்தில் வரும் ஹெலிக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முற்றத்தைப் பார்த்தாற் போதும் என்று எம் தாயார் சொல்வதுண்டு. ஓசை ஒன்றுதான், அதன் பொருளைத் தீர்மானிப்பவர் வேறு வேறு.

ஓசையின் பொருள் மாறியது அல்ஜீரியாவில் என்று சொல்லலாம். 1954 முதல் 1962 வரை நடந்த அந்தப் போரிலே பிரெஞ்சுப் படையினர் ஹெலிகொப்டரிற் சுடுகலன்களைப் பூட்டினர். மலைமுகடுகளிற் படைகளை இறக்கினர். இந்தப் பாடத்தை அமெரிக்கர் கவனமாகப் படித்தனர். ஆனால் அல்ஜீரிய மக்கள் படித்த பாடத்தை, அதாவது கீழே நிற்பவனும் சுடுவான் என்பதை, அவர்கள் படிக்கவில்லை. அதனைக் கற்பிக்க வியட்நாம் வேண்டியிருந்தது.

சைகோனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவில், மீகொங் ஆற்று வயல்வெளியில் அமைந்த சிற்றூர் ஆப் பக். 1963 சனவரி 2ஆம் நாட் காலையில் அங்கே நிகழ்ந்தது இந்த எந்திரத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். தென்வியட்நாம் அரசின் படைகள் ஆயிரத்துக்கு மேல். விடுதலை முன்னணியினர் ஏறத்தாழ 350 பேர். அமெரிக்க விமானிகள் செலுத்திய பத்து ஹெலிகொப்டர்கள் படையினரைச் சுமந்துவர, ஐந்து சுடுகலன் ஊர்திகள் துணைவந்தன. மரவரிசைக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்தில் அவை வயலில் இறங்கின. மரவரிசைக்குள் பதுங்கு குழிகளில் முன்னணியினர் காத்திருந்தனர்.

அவர்கள் காத்திருந்ததற்கு முன் பயின்றிருந்தனர். காகித அட்டையில் ஹெலிகொப்டர் வடிவங்களை வெட்டி, இரு கம்பங்களுக்கு இடையே கயிற்றில் இழுத்து, ஓடும் இலக்கின் முன்னே எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று அந்த உழவர் பிள்ளைகள் கற்றிருந்தனர். எந்திரத்தை வெல்ல எந்திரமே வேண்டும் என்று நினைப்போர் இந்த அட்டைத் துண்டுகளை நினைத்துப் பார்க்கட்டும். இறங்கும் ஹெலிகொப்டர் வேகத்தை இழக்க வேண்டும், உயரத்தையும் இழக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் அது செத்தவன் வளைவின் நடுவே தொங்குகிறது. சுடுபவனுக்கு அதைவிட நல்ல இலக்கு இல்லை. அன்று வந்த பதினைந்தில் பதினான்கு அடிபட்டன, ஐந்து திரும்பவில்லை. அரசுப் படையில் ஏறத்தாழ 80 பேரும் அமெரிக்கர் மூவரும் இறந்தனர். முன்னணியினரில் இறந்தவர் பதினெண்மர். அன்றிரவே எஞ்சியோர் ஒழுங்காகப் பின்வாங்கி மறைந்தனர். மறுநாள் அமெரிக்கத் தளபதி இதனை வெற்றி என்றார். ஊர் பிடிபட்டது உண்மைதான், ஆளில்லாத ஊர்.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஹெலிகொப்டர்கள் வியட்நாமிற் பறந்தன; ஏறத்தாழ 5,000 அழிந்தன. 1971இல் லாவோஸ் எல்லைக்குள் நடத்திய ஒரே படையெடுப்பில், இரு திங்களுக்குள், நூற்றுக்கு மேற்பட்டவை அழிந்தன. அறுநூறுக்கு மேற்பட்டவை சேதமுற்றன. மொத்த இழப்பில் ஏறத்தாழப் பாதிக்குப் பகைவர் குண்டு காரணமன்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மரக்கிளை, கம்பி, இரவு, மழை, புழுதி, அளவுக்கு மீறிய பாரம், இருபது வயது விமானியின் களைப்பு என்பன அவற்றை வீழ்த்தின. உலர்ந்த நிலத்தில் இறங்குகையில் அலகுகள் கிளப்பும் புழுதியிலே விமானியின் கண்ணுக்கு நிலமும் வானும் ஒன்றாகிவிடும். 1980 ஏப்பிரிலில் ஈரானியப் பாலைவனத்தில் அமெரிக்கப் படை ஹெலிகொப்டர் ஒன்று, நிலத்தில் நின்ற தன்படை விமானத்தோடு மோதி எட்டுப்பேர் எரிந்ததற்குக் காரணம் இத்தகைய புழுதியே. அங்கே எதிரி ஒருவனும் இருக்கவில்லை.

அந்த இருபது வயதினர் யாவர்? விமானப்படையின் தாரை விமானங்களைச் செலுத்தப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். தரைப்படையின் ஹெலிகொப்டருக்கு அது வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளியை முடித்த இளைஞன் தேர்வில் தேறினால் ஓராண்டுக்குள் விமானி. பட்டம் பெற்றவன் முப்பதாயிரம் அடியிற் பறந்தான். பள்ளிப் படிப்போடு நின்றவன் மர உச்சியிற் பறந்தான். வர்க்கம் என்பது நிலத்தில் மட்டும் உள்ள ஏற்பாடு என்று நினைப்பது பேதைமை.

இவர்களுள்ளும் மிகத் தாழப் பறந்தவர் ஒற்றாடும் ஊர்தியினர். சிறிய ஹெலிகொப்டர் ஒன்று மரக்கிளைகளை உரசிக்கொண்டு மெல்லச் செல்லும். சுடுகலன் பூட்டியவை மேலே வட்டமிடும். கீழே செல்வது தூண்டிற்புழு. அதைச் சுடுபவன் தன் இடத்தைக் காட்டிக்கொடுப்பான். மேலேயுள்ளவை அவனைச் சுடும். புழுவின் கதி என்ன என்று மீன்பிடிப்பவன் கேட்பதில்லை. அந்தத் தாழ்விலிருந்து பார்ப்பவனுக்கு அடுப்பின் புகை தெரியும், காய்கிற துணி தெரியும், நிமிர்ந்து பார்ப்பவரின் முகமும் தெரியும். ஓடியவர் பகைவர் என்று கணக்கிட்டுச் சுட்டவரும் இவர்களுள் இருந்தனர். முகம் தெரிவதனால் மட்டும் மனம் இளகிவிடாது.

* * *

1968 மார்ச்சு 16ஆம் நாட் காலையில், குவாங் ங்காய் மாகாணத்தின் சோன் மி பகுதியில் மை லாய் என்னும் ஊரைத் தாக்க ஒரு படைப்பிரிவு இறங்கியது. ஊரின்மேல் வானம் அன்று அடுக்குகளாகப் பங்கிடப்பட்டிருந்தது. ஆயிரமடியிலும் அதற்கு மேலும் உயர் அதிகாரிகள், அவரவர் பதவிக்கேற்ற உயரத்தில், தத்தம் ஹெலிகொப்டரில் வட்டமிட்டனர். எல்லாவற்றுக்கும் கீழே, ஓஎச் 23 என்னும் சிறு ஒற்று ஊர்தியில் மூவர்: செலுத்தியவர் ஹியூ தொம்சன், வயது 24; கிளென் அன்ட்ரியோட்டா, வயது 20; லோரன்ஸ் கொல்பேர்ன், வயது 18.

பகைவரைத் தேடிச் சென்ற இவர்கள் பகைவரைக் காணவில்லை, பிணங்களைக் கண்டனர். முதியவர், பெண்கள், குழந்தைகள். காயமுற்றுக் கிடந்தோர் அருகே பச்சைப் புகைக் குண்டுகளைப் போட்டு, இவர்களுக்கு மருத்துவ உதவி வேண்டும் என்று அடையாளமிட்டனர். திரும்பி வந்து பார்க்கையில் அடையாளமிட்டவரும் கொல்லப்பட்டிருந்தனர். ஒரு பெண்ணைத் தம் கண்முன்னே படைத்தலைவர் ஒருவர் சுடக் கண்டனர். நீர்க்கால் ஒன்று நிறைய உடல்கள். அவற்றுட் சில அசைந்தன. தொம்சன் இறங்கி, அவர்களுக்கு உதவுமாறு கேட்டார். அவர் மேலெழுந்ததும் கீழே மீண்டும் வெடியோசை கேட்டது.

பின்னர், ஏறத்தாழப் பத்துப்பேர் ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருப்பதையும், படையினர் அதனை நோக்கிச் செல்வதையும் கண்ட தொம்சன், இருசாராருக்கும் நடுவே ஊர்தியை இறக்கினார். குழியிலிருப்போரை வெளியே எடுக்கக் கைக்குண்டே வழி என்ற பொருள்பட அங்கிருந்த அதிகாரி பதில் சொன்னார். தொம்சன் தம் தோழர் இருவரிடமும், இவர்கள் அம்மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று கட்டளையிட்டுவிட்டு, தாமே நடந்துசென்று கையசைத்து அம்மக்களை வெளியே அழைத்தார். மேலே சென்ற பெரிய ஊர்திகளை வேண்டி இறக்குவித்து அவர்களை ஏற்றி அனுப்பினார். திரும்புகையில் நீர்க்காலில் ஏதோ அசையக் கண்டு மீண்டும் இறங்கினர். அன்ட்ரியோட்டா உடல்களுக்கிடையே இறங்கி நடந்து, உயிரோடிருந்த ஒரு குழந்தையை எடுத்துவந்தார். அது மருத்துவமனை சேர்ந்தது. தளம் திரும்பிய தொம்சன் கண்டதை உரத்துக் கூறினார், கொலை நிறுத்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் தொகை வியட்நாமியர் கணக்கில் 504. அமெரிக்கப் படையின் கணக்கில் 347.

இந்நிகழ்ச்சியை நாம் விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. உயரத்தில் வட்டமிட்ட அதிகாரிகள், தாங்கள் எதையும் காணவில்லை என்று பின்னர் விசாரணையிற் சாதித்தனர். அது முழுப் பொய்யா, அரைப் பொய்யா என்பதை ஆராய்வோர் ஆராயட்டும். அந்தச் சாக்கைச் சொல்வதற்கு அவர்களுக்கு உயரம் இருந்தது. தொம்சனுக்கு இருக்கவில்லை. பாதுகாப்பான உயரத்துக்கு எழுந்து, எரிபொருள் தீர்ந்தது என்று திரும்பிச் சென்றிருந்தால் அவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் மூன்று முறை இறங்கினார். இறங்கிய ஒவ்வொரு முறையும் செத்தவன் வளைவுக்குள் நுழைந்தே இறங்கினார், இம்முறை இருபுறமும் துப்பாக்கிகள். அவரை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. அயல்நாட்டின்மேற் படையெடுத்த இராணுவத்தின் சம்பளக்காரர் அவர், மறுநாளும் பறந்தார். ஆனால் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல மறுத்தார்.

அன்ட்ரியோட்டா அடுத்த மாதம் 8ஆம் நாள் ஹெலிகொப்டரிலேயே கொல்லப்பட்டார். தொம்சன் பலமுறை வீழ்ந்தார். இறுதியில் முதுகெலும்பு முறிந்து நாடு திரும்பினார். விசாரணை நடந்தபோது அமெரிக்கச் சட்டமன்றத்தின் படைக்குழுத் தலைவர், தண்டிக்கப்பட வேண்டியவர் ஒருவர் உண்டெனில் அவர் தொம்சனே என்னும் பொருள்படப் பேசினார். குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவர் லெப்டினன்ட் கலி ஒருவர். அவரும் சில ஆண்டு வீட்டுக்காவலோடு விடுதலையானார். மூவருக்கும் அரசு உரிய பதக்கம் வழங்கியது 1998இல், முப்பதாண்டு கழித்து.

* * *

போர்கள் ஓய்ந்த பின் இந்த எந்திரம் கூலிக்கு வந்தது. வட அவுஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளின் கதை இங்கே நினைக்கத்தக்கது. அங்கே நூற்றுக்கணக்கான மைல் பரப்பிற் சிதறி மேயும் மாடுகளைக் குதிரைமீது சென்று திரட்டியவர்கள் ஆதிக்குடி மக்கள். மாவும் தேயிலையும் சீனியும் இறைச்சியும் சிறிது பணமும் அவர்கள் கூலி. 1966 மார்ச்சில் அவர்களுக்கும் வெள்ளையருக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. முதலாளிமாரின் வேண்டுகோளால் அது 1968 டிசெம்பர்வரை தள்ளிவைக்கப்பட்டது. 1966 ஓகஸ்டில் வேவ் ஹில் பண்ணையின் குரிந்திஜி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியேறினர். ஊதியத்தோடு நின்ற போராட்டமன்று அது. தம் நிலத்தையே கேட்டனர். 1975இற் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் வைத்தார்.

சம ஊதியம் வந்ததும் பண்ணையார் பலர் ஆதிக்குடித் தொழிலாளரை அகற்றினர். வேலிகள் வந்தன, பார ஊர்திகள் வந்தன, ஹெலிகொப்டரும் வந்தது. ஊதிய உயர்வே வேலையைப் பறித்தது என்று சொல்வோர் இன்றும் உளர். எம் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோரும் இதே வாய்பாட்டைச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எந்திரம் எப்படியும் வந்திருக்கும். அதனால் வந்த இலாபத்தைப் பங்கிடாதது எந்திரத்தின் குற்றமன்று.

குதிரைக்காரர் பலரின் இடத்திற் சிறு ஹெலிகொப்டர் ஒன்றும் இளைஞன் ஒருவனும் அமர்ந்தனர். 1979இற் சான்றிதழ் பெற்ற ஆர் 22 என்னும் இரு இருக்கை ஊர்தி இப்பணிக்கு மிகவும் உகந்ததாயிற்று. விலை குறைவு, பாரம் குறைவு. ஆனால் அலகுகளும் பாரம் குறைந்தவை. ஆகவே இயந்திரம் நின்றால் சுழற்சி விரைந்து தேயும். ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குள் விமானி நெம்புகோலைத் தாழ்த்தாவிடில் பின்பு தாழ்த்தியும் பயனில்லை. அவனோ மர உயரத்தில், காற்றுக்கு முதுகுகாட்டி, முரண்டு பிடிக்கும் காளை ஒன்றின் மீது கண் வைத்திருக்கிறான். சூரிய உதயத்திலிருந்து மாலைவரை இதே வேலை. இந்தப் பணியில் விழுந்து மாண்ட இளைஞரைப் பற்றிய விசாரணை அறிக்கைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். தாழப் பறப்பவனுக்குக் குண்டைவிடக் கொடிய எதிரி மின்கம்பி. அது தெரிவதே இல்லை. தெரியும்போது விலக நேரமில்லை. ஆதலால் கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு, கம்பத்தின் தலைக்கு மேலாலேயே கடந்து செல் என்று மூத்த விமானிகள் கற்பிக்கின்றனர். 1970களின் இறுதியிற் கனடாவில் உருவான ஒரு கருவி, ஊர்தியின் மேலும் கீழும் கத்திரிபோலப் பொருத்தப்பட்டுக் கம்பியை வெட்டுகிறது. வேகத்தோடு நேராக மோதினால் மட்டுமே அது வெட்டும். மெல்லப் போனால் உதவாது. நம் நாட்டிலும் 2025 மே 9ஆம் நாள் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்திற் படைப்பயிற்சி நிறைவு விழாவின்போது விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று வீழ்ந்து ஆறுபேர் மாண்டனர். அங்கே போரில்லை, விழாவே நடந்தது.

விழாவையும் விஞ்சியது திரைப்படம். 1982 யூலை 23ஆம் நாள், இரவு இரண்டு மணி கடந்து இருபது நிமிடம். லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே ஓர் ஆற்றங்கரையில் வியட்நாமியச் சிற்றூர் ஒன்றை மரத்தாலும் ஓலையாலும் கட்டி எழுப்பியிருந்தனர். ‘ட்வைலைட் ஸோன்’ என்னும் படத்துக்கான காட்சி. விக் மொரோ என்னும் நடிகர், அமெரிக்க ஹெலிகொப்டரின் துரத்தலிலிருந்து இரு வியட்நாமியக் குழந்தைகளைக் கைகளில் இடுக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். மனந்திருந்திய அமெரிக்கன் ஆசியக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறான் என்பது கதை. ஹெலிகொப்டரைச் செலுத்தியவர் வியட்நாமில் உண்மையாகவே பறந்தவர். குழந்தைகளில் ஒருவனுக்கு ஏழு வயது, ஒருத்திக்கு ஆறு. இருவரும் ஆசியக் குடியேறிகளின் பிள்ளைகள். அந்நேரத்திற் குழந்தைகளை வேலை வாங்குவதையும் வெடிமருந்துக்கு அருகே நிறுத்துவதையும் கலிபோர்னியாச் சட்டம் தடுத்தது. ஆகவே அனுமதி கேட்கப்படவில்லை. அவர்கள் பெயர் கூலிப் பட்டியலில் எழுதப்படவில்லை. பணம் கையிற் கொடுக்கப்பட்டது.

ஹெலிகொப்டர் ஏறத்தாழ இருபத்தைந்து அடி உயரத்தில் நின்றது. இன்னும் தாழ வேண்டும் என்று கீழிருந்து குரல் வந்ததாக வழக்கிற் சாட்சியம் கூறப்பட்டது. குடிசைகளில் வைத்த வெடிகள் வெடித்தன. வால் சுழலி சிதைந்தது. வால் சுழலியை இழந்த ஹெலிகொப்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். உயரத்தில் வேகத்தோடு செல்பவனுக்கு அதற்கும் ஒரு மருந்துண்டு, இருபத்தைந்து அடியில் இல்லை. அது சுழன்று ஆற்றில் மூவர் மீதும் வீழ்ந்தது. ஊர்தியில் இருந்தவர் எவரும் இறக்கவில்லை.

இயக்குநர், விமானி உட்பட ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1987 மே 29ஆம் நாள் ஐவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். படம் 1983 யூனிலேயே வெளிவந்து ஓடிவிட்டது. குழந்தைகள் வரும் காட்சி அதில் இல்லை.